படலும் பட்டாவும்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையின் இரு பக்கமும் கிளுவை வேலி கட்டிய காடுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே உழவு இருக்காது, பயிர் இருக்காது. ஆங்காங்கே வெள்வேல மரங்கள் நிற்கும். அடியில் மழைக்குப் பச்சையும் வெயிலுக்கு வெளுப்புமாகப் புல் கிடக்கும். தெரியாதவர்கள் தரிசு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். கொறங்காடு என்று அதற்குப் பெயர். பயிர் வைக்கிற அதே கவனத்தோடு புல்லைக் காத்து வைத்திருக்கும் நிலம். நான் அப்படியொரு வேலிக்குள் வளர்ந்தவள்.

எங்கள் பக்கத்தில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். பயிரை மட்டும் நம்பி இந்த மண்ணில் பிழைக்க முடியாது என்று கண்டவர்கள் புல்லையும் ஆடு மாடு உருப்படிகளையும் நம்பினார்கள். வேலிக்குக் கிளுவை, மேய்ச்சலுக்குக் கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலங்காய் உதிரும். ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்றே மழைவரை தாக்குப்பிடிக்கும். காங்கேயம் மாடுகளின் உறுதிக்கு இந்தக் காடுகள்தான் அடிப்படை என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொறங்காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முள்ளால் கட்டிய படல் ஒன்று வைத்திருப்போம். ஒரு துண்டில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றவை அடைத்துக் கிடக்கும். புல் கதிர் வாங்கி, விதை உதிர்த்த பிறகுதான் அடுத்த படல் திறக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தீர்மானம் அப்பாருவுடையது, அதாவது என் தாத்தாவுடையது. திறந்து மூடும் வேலை பிள்ளைகளுடையது. அடைத்த துண்டில் முழங்கால் உயரம் புல் நிற்கும். இந்தப் பக்கம் ஆடுகள் மண்ணை முகர்ந்துகொண்டிருக்கும். பார்க்கப் பொறுக்காமல், "திறந்து விட்டர்லாமா அப்பாரு?" என்று கேட்டால், "இன்னிக்கு அதுக தின்னுபுட்டா மாசி பங்குனிக்கு என்னத்தைத் திங்கும் கண்ணு?" என்பார். உருப்படிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். காடு தாங்கும் அளவுக்கு மேல் ஒரு குட்டியும் நிற்காது. கோடை பிறக்குமுன் சந்தைக்குப் போய்விடும். நான் பெயர் வைத்து வளர்த்த மயிலம்பாடி ஆட்டுக் குட்டிகளும் போயிருக்கின்றன. அழுதேன். ஆனால் அவர் தீர்மானம் சரியானது என்று அப்போதே எனக்குத் தெரியும். கண்ணெதிரே இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செலவழித்துவிட முடியாது என்பதை எனக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை.

ஆனால் இன்று விவசாய வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உழைப்பையும் பொறுமையையும் பாடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. உழைப்பு எல்லா ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. செங்கல் சூளையில் இருக்கும் பிள்ளையும் உழைக்கிறது, அதனால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. காட்டில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரும்பேறு வேறு. உயிருள்ள ஒன்று அதன் கையில் ஒப்படைக்கப்படுகிறது. கை தவறினால் அது சாகும் என்பதும் மறைக்காமல் சொல்லப்படுகிறது.

கிணற்றுத் தோட்டத்தில் ஒரு வயல் தீவனச் சோளம் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொறங்காட்டு மாடுகளை அந்தச் சோளத்தை ஒட்டித்தான் கட்டுத்தறிக்கு ஓட்டிவர வேண்டும். இளஞ்சோளம் மாட்டுக்கு நஞ்சு. பயிர் பூ எடுக்கும் முன்பு இலைகளில் துர்ரின் என்ற பொருள் மிகுந்திருக்கும். மாடு மென்று விழுங்கியதும் அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடாக மாறும். ரத்தம் உயிர்க்காற்றைச் சுமந்து வந்தாலும் உடம்பின் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் போகும். மழையில்லாமல் வாடிய பயிரிலும், அறுத்த தாளில் புதிதாகத் துளிர்த்த குருத்திலும் ஆபத்து இன்னும் அதிகம். பூத்து முற்றிய சோளத்தட்டும், வெட்டி நன்றாகக் காயப்போட்ட தட்டும் பயமில்லாதவை. ஊசி மருந்து உண்டு. ஆனால் கால்நடை மருத்துவர் வந்து சேரும்வரை மாடு உயிரோடு இருக்க வேண்டுமே.

இந்த வேதியியல் அப்பாவுக்குத் தெரியாது. நான் கல்லூரியில் படித்தேன். அவருக்குத் தெரிந்ததை ஒரே ஒரு தடவை, என்னை வயலோரம் நிறுத்திச் சொன்னார். "இந்தச் சோளத்துல வாய் வெச்சுதுன்னா டாக்டரு வர்ற வரைக்கும் தாங்காது. பார்த்து ஓட்டோணும்." அதன்பிறகு அவர் என் பின்னாலேயே வரவில்லை. தூரத்தில் நின்று கவனிக்கவும் இல்லை. அந்த வயதில் என்னை இவ்வளவு நம்பியவர் வேறு யாரும் இல்லை.

பக்கத்துக் காட்டில் அது நடந்தது. என்னைவிடச் சற்றுப் பெரிய பையன் மேய்த்த சினைமாடு வேலிச் சந்தில் புகுந்து, அறுத்த தாளில் துளிர்த்திருந்த சோளத்தைக் கடித்துவிட்டது. அவன் கத்திய சத்தத்தில் நாங்கள் ஓடிப்போனபோது மாடு கீழே கிடந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. எங்கள் அப்பாவும் இன்னும் சிலரும் புளிக்கரைசல் ஊற்றிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் அது பெரிய சொத்து. பையன் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான், அழக்கூட இல்லை. எல்லோரும் அவன் ஐயன் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஒரு சொல் பேசவில்லை. மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டப் போனார். மறுநாள் விடிகாலையில் கட்டுத்தறியில் மிச்சமிருந்த மாடுகளின் கயிற்றை அவிழ்த்து, அதே பையன் கையில் கொடுத்தார். "போ சாமி, நேரமாச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அந்தக் காலைக்கு மேலான பாடம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. நம்பிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று பார்த்தேன்.

மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. மாடு ஈனும் இரவில் விழித்திருப்பது, நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்து மாடு அதைத் தின்னாமல் எடுத்துச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது, செவலையாகப் பிறக்கும் காங்கேயம் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்ப்பது, கீழ்த்தாடைப் பல்லை எண்ணி வயது சொல்வது. ராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்ததும் எழுந்து மோட்டார் போட்டு, டார்ச் வெளிச்சத்தில் மடை திருப்புவது. கிணறு கூட்டுக் கிணறு. பங்காளிகள் நால்வருக்கும் நாலில் ஒரு பங்கு, ஆகவே நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். நம் முறையன்று கரண்ட் போனால் போனதுதான், அடுத்தவர் முறையில் கை வைக்கக் கூடாது. பின்னங்கள் எனக்கு வகுப்பறையில் சிரமமாகவே இல்லை.

இந்த வேலைகளில் ஆண், பெண் என்ற பேதம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. என் தம்பி செய்த எல்லாவற்றையும் நான் செய்தேன். எங்கள் அத்தையும் அவர் காலத்தில் செய்திருக்கிறார். எந்த வெள்வேல மரம் நிறையக் காய்க்கும், எந்த மூலையில் மழைத்தண்ணீர் நிற்கும் என்று அத்தைக்குத் தெரிந்த அளவு எங்கள் அப்பாவுக்கே தெரியாது.

பேதம் காகிதத்தில் வந்தது. அப்பாருவின் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் என்று பத்திரத்தை என்னை வாசிக்கச் சொன்னார்கள். புல எண், செக்குபந்தி, கிணற்றில் பங்கு, மோட்டாரும் மின் இணைப்பும், வண்டித்தடப் பாத்தியம் என்று வரிசையாக வாசித்தேன். கேட்டுக்கொண்டு வாசற்படியில் அத்தை உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் எங்கும் வரவில்லை. தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அவர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார். பொறந்த வீட்டோடு பகை வேண்டாம் என்பதற்காகப் போட்ட கையெழுத்து அது. சீர் செய்துவிட்டோம் என்று ஆண்கள் திருப்தியாக இருந்தார்கள்.

இப்போது நான் வேலை பார்ப்பது வங்கியில், பயிர்க்கடன், மாட்டுக்கடன் மனுக்களைப் பார்க்கும் மேசையில். மாட்டைப் பற்றி எந்தக் கேள்வி கேட்டாலும் பெண்கள்தான் பதில் சொல்வார்கள். எத்தனையாவது ஈற்று, எவ்வளவு கறவை, மடிநோய் வந்ததா, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். புல எண் என்ன என்று கேட்டதும் குரல் தாழ்ந்துவிடும். "அது எங்கூட்டுக்காரருக்குத்தானுங்க தெரியும்." 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பெண்கள் பெயரில் நடக்கும் பண்ணைகள் ஏறக்குறைய 14 சதவீதம்தான். வேலையைப் பங்கிட்ட அதே கைகள் நிலத்தைப் பங்கிடவில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005 செப்டம்பர் 9 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், நாடு முழுவதும், மணமான மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை, இது பிறப்பால் வரும் உரிமை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினைகளைச் சட்டம் தொடவில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாவற்றையும் இன்று தமிழக அரசின் இணையச் சேவையில் யாரும் பார்க்கலாம். அதற்கும் புல எண் போன்ற விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் அப்பா எழுதிய பத்திரத்தில் என் பெயரும் தம்பி பெயரும் சரிபாதியாக இருக்கின்றன. அதற்காகச் சொந்தத்தில் சிலர் அவரிடம் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. மாட்டை நம்பி ஒப்படைத்தவருக்கு மண்ணை ஒப்படைக்கத் தயக்கம் இல்லை.

காடு தோட்டம் வைத்திருக்கும் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை நிலம் அளக்க சர்வேயர் வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போய் நான்கு மூலைக் கல்லையும் காட்டுங்கள். புல எண்ணை அவளுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுங்கள். பத்திரத்தை எடுத்து அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். பாகம் எழுதும் நாளில் அவள் கையெழுத்தை விடுதலைப் பத்திரத்தில் வாங்காமல், பங்குதாரர் வரிசையில் வாங்குங்கள்.