கைப்பேசி விளம்பரமும் சேலம், நாமக்கல் சமவெளி விவசாயிகளும்

சேலம் சமவெளியிலும், 1997-ஆம் வருஷத்தில் அதிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாகிய நாமக்கல் பகுதியிலும் விளையும் பொருள்களுக்கு முற்காலத்தில் தனியாக விளம்பரம் செய்ய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. சந்தை கூடும் நாளை யாவரும் அறிவர். மாம்பழமாயின் மண்டிக்கும், வெல்லமாயின் ஏலக் களத்துக்கும், மரவள்ளிக் கிழங்காயின் ஜவ்வரிசி ஆலைக்கும் வண்டி சென்றுவிடும். சரக்கின் தரத்தை எடுத்துச் சொல்லுவது தரகரின் வேலை. அதற்குரிய கமிஷனை அவர் பிடித்துக்கொள்வார். தற்காலத்திலோ வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகிய சாதனங்கள் குடியானவருடைய மடியிலேயே வந்து அமர்ந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு தம் விளைபொருளை நேராக விற்க முயல்வோர் வருஷந்தோறும் பெருகி வருகிறார்கள். இம்முயற்சியில் கிடைத்த அநுபவம் எல்லோருக்கும் ஒரே தன்மையாக இல்லை. சிலருக்கு நல்ல இலாபமும், சிலருக்கு வீண் செலவும், கோழிப்பண்ணைக்காரருக்கு ஒரு தடவை பெரு நஷ்டமும் உண்டாயின.

இச்சாதனங்கள் வேலை செய்யும் விதத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். ஒருவர் தம் தோட்டத்துப் படத்தைப் பேஸ்புக்கில் இட்டால், அது அவரைப் பின்தொடர்வோர் எல்லோருக்கும் காட்டப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவர்களில் சிலருக்கே அது காட்டப்படும். மற்றவர்க்கும் காட்ட வேண்டுமாயின் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். எந்த ஊரார்க்கு, எந்த வயதினர்க்கு, எத்தனை நாள் என்று குறித்துச் சிறு தொகையும் கட்டலாம். ஆனால் அப்பணம் வாங்குவது பார்வையை மாத்திரமே. படத்தைப் பார்த்து விருப்பக் குறி இட்டவர் ஆயிரம் பேரானாலும், பெட்டி ஒன்று வேண்டும் என்று எழுதுபவர் அவர்களில் மிகச் சிலரே. இந்த வித்தியாசத்தைக் கவனியாமல் விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பவர், சந்தையில் வேடிக்கை பார்த்துப் போனவர்களையும் வியாபாரக் கணக்கில் சேர்த்தவரே ஆவார்.

இளம்பிள்ளைச் சேலை வியாபாரிகள் இத்துறையில் விவசாயிகளுக்கு முன்சென்றவர்கள். கடையில் சேலையை விரித்துக் காட்டி யூடியூபில் படம் போடுவதும், வெளியூர்களில் உள்ள பெண்கள் அப்படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் காட்டி ஆர்டர் பிடித்துத் தருவதும் அவ்வூரில் சாதாரண வழக்கமாகிவிட்டன. எனினும் சேலை அலமாரியில் மாதக்கணக்காகக் காத்திருக்கும். பழமும் முட்டையும் காத்திரா.

சேலத்து மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். மல்கோவா, இமாம்பசந்து, சேலம் குண்டு என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் வாங்க விரும்புவோர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றனர். மண்டியில் நல்ல பழமும் நடுத்தரப் பழமும் ஒரே குவியலில் சேர்ந்து ஒரே விலைக்குப் போவதுண்டு. நேராக விற்கும் தோட்டக்காரர் பழங்களைத் தரம் பிரித்து, முற்றிய காயைக் காம்புடன் பறித்து, பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கி, பார்சல் சர்வீஸில் அனுப்புகிறார். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்ட விரோதம் என்பதைப் பட்டணத்தார் இப்பொழுது நன்கு அறிந்திருப்பதால், தோட்டத்தில் கல் வைப்பதில்லை என்ற உறுதிமொழிக்கே அவர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். (எதிலீன் வாயுவைக் குறித்த அளவுக்குள் உபயோகிக்கச் சட்டம் இடந்தருகிறது, கல்லுக்கும் இதற்கும் உள்ள பேதத்தை வாங்குவோர்க்கு விளக்கிச் சொல்லுவது தோட்டக்காரர் கடமை.)

ஆனால் இந்த வியாபாரம் நிலைத்தவர்களுக்கு அது எவ்வாறு நிலைத்தது என்று பார்த்தால், பணம் கட்டிச் செய்த விளம்பரம் பெரும்பாலும் முதல் அறிமுகத்துக்கே பயன்பட்டிருக்கிறது. ஒரு பெட்டியில் நான்கு பழம் அழுகியிருந்தது என்று புகார் வந்தால், வாதாடாமல் அடுத்த பெட்டியில் அதை ஈடு செய்தவரிடமே மறு வருஷமும் அதே வீட்டார் வாங்குகின்றனர். தம் உறவினரையும் சேர்த்துவிடுகின்றனர். அத்தகையோரின் பெயரும் விலாசமும் அடங்கிய பட்டியலே தோட்டக்காரரின் உண்மையான முதல். பேஸ்புக் கம்பெனி நாளைக்குத் தன் விதியை மாற்றிக்கொண்டாலும் அப்பட்டியல் அவரிடமே இருக்கும்.

பரமத்தி வேலூர் வட்டாரத்து வெல்லத்தில் மற்றொரு விசேஷத்தைக் காணலாம். ஏலக் களத்தில் நெடுங்காலமாக வெளுத்த வெல்லத்துக்கே கிராக்கி. அந்நிறத்துக்காக ஆலைகளில் ஹைட்ரோஸ் முதலிய இரசாயனங்களைக் கலக்கும் பழக்கம் வந்தது. கைப்பேசியில் வாங்கும் பட்டணத்தாரோ கறுத்த வெல்லத்தையே தேடுகின்றனர். முப்பது கிலோ சிப்பத்தில் கழிக்கப்பட்ட நிறம் ஒரு கிலோப் பொட்டலத்தில் உயர்ந்த விலைக்குப் போகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நிறம் ஒன்றையே சாட்சியாகக் கொள்ளும் இடத்தில், சர்க்கரை கலந்த பாகையும் கறுக்கக் காய்ச்சி விற்போர் வந்து சேருவர். வெல்லம் காய்ச்சிப் பொட்டலம் கட்டி விற்பவர் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, அந்த எண்ணைப் பொட்டலத்தின்மேல் அச்சிடுவதே வாங்குவோர்க்கும் தமக்கும் பாதுகாப்பு.

முட்டையின் விஷயம் இவை எல்லாவற்றினும் வேறுபட்டது. நாமக்கல் பண்ணைகளில் வளர்க்கப்படும் வெள்ளைக் கோழி சுமார் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, வருஷத்துக்கு 300-க்கு மேல் இடுகிறது. விலை இறங்கிவிட்டது என்று அது முட்டையிடுவதை நிறுத்தாது; தீவனம் தின்பதையும் நிறுத்தாது. மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்குமே பண்ணைச் செலவில் பெரும்பங்கு. ஆகவே மூன்று நாள் லாரி வராவிட்டால் அட்டைகள் கூரையைத் தொடும். பெரு நகரத்து வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருந்த நிலையை மாற்றுவதற்காக 1982-இல் டாக்டர் பி. வி. ராவ் முதலியோர் முயற்சியால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்டது. அது வட்டாரந்தோறும் விலையை அறிவிப்பதுடன், முட்டை உண்ணும் வழக்கத்தை டெலிவிஷன் விளம்பரங்களாலும் நாடு முழுதும் பரப்பியது. அறிவித்த விலையிலிருந்து வியாபாரிகள் இத்தனை பைசா ‘மைனஸ்’ என்று குறைத்து எடுக்கும் தொல்லையைப் பண்ணைக்காரர் நன்கறிவர். அவ்விலை இப்பொழுது அவர்களுடைய கைப்பேசிக்கே வந்துவிடுகிறது.

2020 பிப்ரவரியில் அதே கைப்பேசியில் வேறொரு செய்தி வந்தது. சீன தேசத்தில் தோன்றிய கொரோனா நோய் கோழியின் மூலம் பரவுகிறது என்றும், கோழியும் முட்டையும் உண்ணலாகாது என்றும் கோரமான படங்களுடன் அச்செய்தி ஊர் ஊராகப் பரவியது. அது முற்றிலும் பொய். கோழிகளுக்கு வரும் தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்னும் நோயும் கொரோனா வகையைச் சேர்ந்த ஒரு வைரஸால் உண்டாவதே. அது 1931-லேயே அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. அதற்குத் தடுப்பு மருந்தும் பண்ணைகளில் நெடுங்காலமாகப் போடப்படுகிறது. அந்நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை. இவ்வுண்மையில் பாதியை மட்டும் அறிந்தவருக்கு வதந்தி மெய்போலவே தோன்றும். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் பறவைக் காய்ச்சல் கண்டதும் அச்சம் இரட்டித்தது. நாமக்கல் முட்டைக்குக் கேரளம் பெரிய சந்தை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய சர்க்காரின் கால்நடை இலாகா, கோழி உண்பதால் இந்நோய் வராது என்று அறிவித்தது. ஹைதராபாத்தில் தெலங்கானா மந்திரிகள் மேடையிலேயே கோழிக் கறியை உண்டு காட்டினர். ஆயினும் விற்பனை எழவில்லை. கர்நாடகத்தில் பெலகாவி ஜில்லாவில் ஒரு பண்ணையில் கோழிகளை உயிருடன் குழியில் தள்ளிய காட்சி படமெடுக்கப்பட்டு, அதுவும் கைப்பேசி வழியே எங்கும் பரவியது. விலை கிடைக்காததால் செய்த காரியம், பார்த்தவருக்கு நோயின் அத்தாட்சியாகத் தோன்றியது. பல வருஷம் பணம் செலவிட்டுக் கட்டிய வழக்கத்தை, காசு செலவில்லாத வதந்தி சில வாரங்களில் அசைத்துவிட்டது. மார்ச்சு 25-இல் ஊரடங்கு வந்து, பின்னர் உடல் வலுவுக்கு முட்டை நல்லது என்ற பேச்சு எழுந்த பிறகே கிராக்கி திரும்பிற்று.

மறுப்பு ஏன் பலிக்கவில்லை என்பது ஆராயத்தக்கது. இலாகாவின் அறிக்கை தாமதித்து வந்தது. நீண்ட கடிதமாக வந்தது. படத்தைக் கண்டு பயந்தவர் கைக்கு அது போய்ச் சேரவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முட்டையை வாங்குபவருக்கு அது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தெரியாது. பண்ணைக்காரருக்கும் தம் முட்டையை உண்பவர் யார் என்று தெரியாது. மாம்பழத் தோட்டக்காரரிடம் ஐயமுற்ற வாடிக்கைக்காரர் நேரே கேட்டிருப்பார். அவரும் பதில் சொல்லியிருப்பார். இலட்சக்கணக்கில் முட்டை அனுப்பிய நாமக்கல்லில், அவ்வாறு கேட்கவும் சொல்லவும் ஒரு பட்டியலும் இல்லை.

பெயர் போட்டு விற்றால் மட்டும் தொல்லை தீர்ந்தது என்றும் சொல்லுவதற்கில்லை. 2025 டிசம்பரில், பெயர் பெற்ற ஒரு வகை முட்டையில் நைட்ரோபியூரான் மருந்தின் எச்சம் இருப்பதாக யூடியூபில் ஒரு பரிசோதனை வெளியாயிற்று. எல்லா முட்டைகளையுமே அச்சந்தேகம் பற்றிக்கொண்டது. முட்டை உண்பதற்கு ஏற்றதே என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. அம்மருந்து கோழி வளர்ப்பில் அறவே தடுக்கப்பட்டது. பண்ணையில் எந்த நாளில் எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்ற பதிவேடும், அவ்வப்போது செய்த ஆய்வகப் பரிசோதனைச் சீட்டும் வைத்திருப்பவரே இப்படிப்பட்ட சமயத்தில் தைரியமாகப் பதில் சொல்லக்கூடும்.

வாங்குவோர் அநுபவத்தையும் சிறிது பார்ப்போம்; விவசாயியும் உரம், விதை, பம்பு முதலியவற்றை வாங்குபவரே அல்லவா? பம்பு ஒன்றைப்பற்றி ஒரு முறை தேடினால், பல நாள் வரை பம்பு விளம்பரமே கைப்பேசியில் தொடர்ந்து வரும். ஒருவர் தம் வயலில் நின்று ஒரு பயிர் ஊக்கி மருந்தைப் புகழ்ந்து பேசும் படம் சொந்த அநுபவமாகவும் இருக்கலாம், கூலிப் பேச்சாகவும் இருக்கலாம். பணமோ இலவசச் சரக்கோ பெற்றுப் புகழ்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. ஏமாற்று விளம்பரத்துக்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். புகார்களுக்கு 1915 என்ற டெலிபோன் எண் உண்டு.

பட்டாளத்து அதிகாரி என்று சொல்லிக்கொண்டு முழுச் சரக்கையும் பேரம் பேசாமல் எடுப்பதாகவும், பணம் அனுப்ப இரகசிய எண்ணைப் பதியும்படியும் கேட்பவன் மோசக்காரன். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் கவனிக்கத்தக்கது ஒன்று. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மாத்திரமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் அக்கம்பெனி வரம்பு கட்டியது. கோழி, பால், பழம் பற்றிய இத்தகைய செய்தி ஊர்க் குழுவில் வந்தால், அன்றே கால்நடை மருத்துவரிடம் அல்லது தோட்டக்கலை அதிகாரியிடம் கேட்டு, அவர் பெயருடன் நான்கு வரியில் அதே குழுவில் பதில் இடலாம். நீண்ட அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நேராக விற்க விரும்பும் மாந்தோட்டக்காரர், தை, மாசியில் பூ எடுக்கும்போதே பழைய வாடிக்கைக்காரருக்குப் பூவின் படத்தை அனுப்பி, எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நலம். பிஞ்சு நின்ற பின் கணக்கைச் சரிபார்த்து, எஞ்சும் பழத்துக்கு மாத்திரம் பணம் கட்டி விளம்பரம் செய்தால் போதுமானது.