அசையாமல் உட்கார்ந்திருந்த பொரி

ஆறாம் வகுப்பு அறிவியலில் வைட்டமின் குறைபாட்டு நோய்களின் அட்டவணையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஏ என்றால் மாலைக்கண், சி என்றால் ஸ்கர்வி, டி என்றால் ரிக்கெட்ஸ். பதினேழு ஆண்டுகளாக இதை எழுதிக்கொண்டிருப்பவள் நான். ஆனால் ஸ்கர்வி வந்த ஓர் உயிர் என் வீட்டுக் கூடத்திலேயே மூன்று வாரம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது தெரியவில்லை.

அது ஒரு கினிப் பன்றி. எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பம் மாற்றலாகிப் போனபோது, எடுத்துச் செல்ல வழியில்லை என்று கூண்டோடு எங்களிடம் கொடுத்தார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆசைப்பட்டாள், நானும் தலையாட்டிவிட்டேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. வெள்ளையும் பழுப்புமாக இருந்ததால் மகள் அதற்குப் 'பொரி' என்று பெயர் வைத்தாள். "ரொம்ப சாது டீச்சர். சோறு, கேரட், முயல் தீவனம், எது வைத்தாலும் தின்னும். ஒரு தொந்தரவும் கிடையாது" என்று கொடுத்தவர் சொன்னார்.

சாதுவாகத்தான் இருந்தது. வைத்த இடத்தில் இருந்தது. மடியில் வைத்தால் மடியில், மேசையில் வைத்தால் மேசையில். "நம்மகிட்ட நல்லா பழகிடுச்சும்மா" என்றாள் மகள். மூன்றாவது வாரம் கேரட்டையும் தொடவில்லை. பின்னங்கால் பக்கம் கை பட்டதும் கீச்சென்று கத்தியது. அன்றைக்குத்தான் பயந்துபோய் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மருத்துவர் ஈறுகளைப் பார்த்தார், வீங்கியிருந்த மூட்டுகளைப் பார்த்தார். பசுந்தழை ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், "இதுக்கு வைட்டமின் சி உடம்புல உண்டாகாதுங்க, சாப்பாட்டுலதான் வரணும்" என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, ஆசிரியை என்று மட்டும் சொன்னேன். என்ன பாடம் என்று சொல்ல நா எழவில்லை.

நாய், பூனை, மாடு, எலி எல்லாம் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைக் கல்லீரலில் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதற்கான கடைசி நொதி மனிதருக்கும் குரங்குகள் பலவற்றுக்கும் கிடையாது. கினிப் பன்றிக்கும் கிடையாது. நமக்கு ஸ்கர்வியைப் பற்றித் தெரிய வந்ததில் இந்த விலங்குக்குப் பெரும் பங்கு உண்டு. 1907இல் நார்வே நாட்டின் ஆக்செல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் பெரிபெரியை ஆராய்வதற்காகக் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்து வளர்த்தார்கள். பெரிபெரி வரவில்லை, ஸ்கர்வி வந்தது. எலிகளை வைத்துச் செய்திருந்தால் வந்திருக்காது. சோறும் முயல் தீவனமும் கொடுத்து அதே சோதனையைத்தான் நாங்கள் தெரியாமல் திரும்பச் செய்திருக்கிறோம். பாடம் நடத்தும்போது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியிருக்காது.

மருந்தும் கொத்தமல்லித் தழையும் குடைமிளகாயுமாகப் பத்து நாளில் பொரி எழுந்து நடந்தது. அதன் பிறகுதான் எங்களுக்கு உண்மை புரிந்தது. மடியில் அசையாமல் இருந்த பொரி பழகியிருக்கவில்லை. அதற்கு மூட்டு வலித்தது, கூடவே பயமும்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பெரு, பொலிவியா நாடுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாக இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். பன்றி இனத்துக்கும் இதற்கும் உறவே இல்லை, இது கொறித்துண்ணி. தமிழில் சீமைப் பெருச்சாளி என்றும் சொல்வதுண்டு. காட்டில் பருந்துக்கும் நரிக்கும் இரையாகும் இனம். இரையாகிற விலங்குக்கு இரண்டே வழி: ஓடி ஒளிவது, அல்லது உறைந்துபோவது. ஒளிய இடமில்லாவிட்டால் உறைந்துபோகும். அதைத்தான் நாம் 'சாது' என்கிறோம். மேலேயிருந்து கையை நீட்டித் தூக்கினால் அதற்கு அது பருந்தின் நிழல்தான்.

ஆகவே முதலிலிருந்து தொடங்கினோம். கூண்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு வாசல் வெட்டி வைத்தோம். ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வராதே என்று மகளுக்குக் கவலை. நேர்மாறாக நடந்தது, ஓடி ஒளிய இடம் உண்டு என்று தெரிந்த பிறகே பொரி வெளியே வர ஆரம்பித்தது. முதல் வாரம் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் கட்டளை. மாலையில் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் தரையோடு தரையாகக் கையை வைத்து, விரலிடையில் ஒரு கொத்தமல்லிக் காம்பு. முதல் நான்கு நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் எட்டிப் பிடுங்கிக்கொண்டு பெட்டிக்குள் ஓடியது. கையிலேயே நின்று தின்ன இன்னும் இரண்டு வாரம் ஆனது. இடையில் ஒருநாள் மகள் பொறுமையிழந்து துரத்திப் பிடித்தாள், மூன்று நாள் பின்னுக்குப் போனோம்.

இப்போது கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் ஓசை கேட்டாலே வீடு முழுக்க விசில் சத்தம். பற்களை நெறித்தால் 'கிட்டே வராதே' என்று பொருள். தடவும்போது தலையைத் தூக்கி நம் கையைத் தள்ளினால் போதும் என்று அர்த்தம். நல்ல மகிழ்ச்சியில் இருந்த இடத்திலேயே நான்கு காலும் தரையை விட்டு எகிறும். முதல் தடவை பார்த்தபோது வலிப்பு வந்துவிட்டதோ என்று பதறினேன். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்பக்கத்தைத் தாங்கி, நம் உடம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். சிறு உயரத்திலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியும். அதனால் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக வளர்ப்பதை ஸ்விட்சர்லாந்தில் 2008 முதல் சட்டமே தடுக்கிறது. நாங்களும் இன்னொன்றைத் தத்தெடுத்தோம், பெயர் 'கடலை'. இரண்டும் பெண்தானா என்பதை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டோம். விற்பவர், கொடுப்பவர் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. ஆணும் பெண்ணுமாக இருந்தால், சுமார் இரண்டு மாதத்தில் கண் திறந்து, ரோமத்தோடு ஓடியாடும் குட்டிகள் பிறக்கும். குட்டி போட்ட அன்றே தாய் மீண்டும் சினையாகவும் கூடும். கடலையை மூன்று வாரம் தனியறையில் வைத்திருந்து நோயில்லை என்று தெரிந்த பிறகே, இரண்டுக்கும் பழக்கமில்லாத திண்ணையில் சேர்த்துவிட்டோம். துரத்தல், உறுமல் எல்லாம் இருந்தது. யார் பெரியவர் என்று முடிவான பிறகு ஒரே பெட்டியில் படுத்துக்கொண்டன.

உணவில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான்: அருகம்புல், உலர்ந்த புல். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்வதால் அரைத்துத் தேய்க்க நார் வேண்டும். சோறு, பால், வெங்காயம், உருளைக்கிழங்கு கூடாது. இரண்டுக்குமாக நான்கடி நீளம், இரண்டடி அகலமாவது இடம் வேண்டும். கம்பிவலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பென்சிலின் வகை மருந்து இதன் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிரையே வாங்கிவிடும்.

நம் ஊரில் பெரிய சவால் வெயில். மலைக் குளிருக்குப் பழகிய இனம். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். சித்திரை மாதத்தில் கூண்டை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றி, மண்பானையைப் படுக்கவைத்து, உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கிறோம். ஐந்தாறு ஆண்டுகள், சில சமயம் எட்டு ஆண்டுகள்கூட வாழும். கோடை விடுமுறை முழுக்கச் சொந்த ஊருக்குப் போய்விடும் குடும்பம் தத்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்புக்குக் காட்டலாமென்று ஒருநாள் பொரியைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். நாற்பது பிள்ளைகள், நாற்பது குரல். பொரி மேசைமேல் கல்லாக உட்கார்ந்திருந்தது. "டீச்சர், எவ்ளோ அமைதியா இருக்கு! நம்ம கிளாஸ் அதுக்குப் பிடிச்சிருக்கு!" என்றான் ஒருவன். எல்லாம் தெரிந்த நானே ஒரு நிமிடம் அதை நம்ப விரும்பினேன். வீடு திரும்பியபின் எட்டு நாள் அது என் கையருகே வரவில்லை. நான்காம் வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 'நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை' என்று நானும் எத்தனையோ முறை முன்னேற்ற அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு பொரியைக் கொண்டுபோவதில்லை, அதன் எடையை மட்டும் கொண்டுபோகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து, திங்களன்று பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் வரைகோட்டுத்தாளில் புள்ளி வைப்பார்கள். நோயுற்றபோது 640 கிராம், இப்போது 890. கோடு கீழிறங்கிய ஒரு வாரம், "டீச்சர், டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள்.

சென்ற மாதம் மதிய உணவு இடைவேளையில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். அவன் மாமா ஒரு கினிப் பன்றி வாங்கிக் கொடுத்திருக்கிறாராம்.

"என்னப்பா சாப்பிடக் கொடுக்கிற?"

"சோறு டீச்சர். ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு டீச்சர், ஆடாம அசையாம."

அன்று மாலையே அவன் அம்மாவிடம் பேசினேன். பள்ளித் தோட்டத்துக் கொத்தமல்லிப் பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி கொடுத்தனுப்பினேன். மருத்துவரிடம் காட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை எடை போட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வரைகோட்டுத்தாளில் இப்போது இரண்டு கோடுகள்.