முற்றட்டும் என்று காத்திருக்கும் கண்கள்

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நீளும் எமது கரையோர ஊர்களில் பார்வை மங்கிய முதியவர் ஒருவரை விசாரித்தால், "கண்ணில் பூ விழுந்திருக்கிறது, முற்றியதும் வெட்டிக்கொள்ளலாம்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். இதில் பாதி உண்மையுண்டு. 2013 முதல் 2015 வரை நாற்பது வயதைக் கடந்தோரிடையே நடத்தப்பட்ட தேசிய ஆய்வில் 1.7 சதவீதமானோர் பார்வையற்றோராகக் காணப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருவரின் இருளுக்குக் காரணம் வெண்புரையே. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை மீளும். முற்றும்வரை காத்திருப்பது பழைய சத்திரசிகிச்சை முறைக்கு உரிய வழக்கம். இன்று அதிகம் முற்றினால் சிகிச்சையே சிக்கலாகிவிடும்.

எனினும் மங்கும் கண்கள் யாவும் வெண்புரைக் கண்கள் அல்ல. மருதமுனை நெசவாளருக்கு நாற்பது வயதுக்குப் பின் நூலிழை தெரியாமற் போவது வெள்ளெழுத்து; அதற்கு மூக்குக்கண்ணாடி போதும்.

அஞ்சவேண்டியவை வேறு இரண்டு. குளுக்கோமாவில், பெரும்பாலும் கண்ணினுள் அழுத்தம் கூடுவதால், பார்வை நரம்பு சிறுகச் சிறுகச் சிதைகிறது. முதலில் பக்கப் பார்வை குறையும். நேர்ப்பார்வை நெடுங்காலம் எஞ்சியிருப்பதால் நோயாளி அதனை உணர்வதில்லை. வலியும் பொதுவாக இராது. நீரிழிவோ விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசியச் செய்கிறது. 'சீனி வருத்தம்' உள்ளவர், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கொரு தடவையேனும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இதனாலேயே. குளுக்கோமாவால் இழந்த பார்வை மீளாது. நீரிழிவில் லேசர் சிகிச்சை பெரும்பாலும் எஞ்சியதையே காக்கும். "பூ முற்றட்டும்" என்று வீட்டில் காத்திருக்கும் ஆண்டுகளில் பறிபோவது இவ்வகைப் பார்வையாகவும் இருக்கலாம்.

குளுக்கோமாவுக்கான சொட்டு மருந்தை ஒருநாளும் தவறவிடலாகாது. நோன்பு முறிந்துவிடுமோ என அஞ்சி றமழானில் பகல் வேளைச் சொட்டை நிறுத்துவோர் எம்மிடையே உள்ளனர். ஷாபிஈ மத்ஹபின்படி கண்ணில் மருந்திடுவது நோன்பை முறிப்பதில்லை. 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபையும், தொண்டைக்கு இறங்கியதை விழுங்காதவிடத்து நோன்பு முறியாது என்றே தீர்மானித்தது. சொட்டு இட்டபின் இமைகளை மூடி, மூக்கையொட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும்; கண்ணிலும் கூடுதலாகத் தங்கும். நாளுக்கொரு முறை இடும் மருந்தாயின், வைத்தியரைக் கேட்டு இரவு வேளைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும்.