சொன்னவர் யார், பொறுப்பேற்பவர் யார்?

கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற வதந்தி 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாட்ஸ்அப் வழியாக நாடு முழுவதும் பரவியது. சொன்ன மருத்துவர் யார், கண்டறிந்த ஆய்வகம் எது என்று கேட்டால் பதில் கிடைக்காத செய்தி அது. கோழிக்கும் இந்தத் தொற்றுக்கும் தொடர்பில்லை என்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியிலேயே விளக்கம் தந்தும், கறிக்கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. பலத்த அடி வாங்கிய ஊர்களில், கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லும் ஒன்று. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை தொடர்ந்து இறங்கியது. விசைத்தறியை நாலு நாள் நிறுத்தி வைக்கலாம். கோழி முட்டையிடுவதை நிறுத்த முடியாது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கடன் வாங்கியாவது போட்டாக வேண்டும். கறிக்கோழி ஆறு வாரத்தில் எடைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அது பண்ணையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தீவனம் தின்னும், பண்ணையாளருக்கு நட்டம் ஏறும். யாரோ ஒருவர் அனுப்பிய நாலு வரியின் விலையை, தீவனக் கடைக்காரர் முதல் முட்டை லாரியில் சுமை ஏற்றுபவர் வரை எத்தனையோ குடும்பங்கள் கொடுத்தன.

அதே வாட்ஸ்அப்தான் அதற்கு ஓராண்டு முன்பு, 2019 ஏப்ரலில், அதே நாமக்கல் மாவட்டத்தின் ராசிபுரத்தில் நடந்துவந்த கொடுமையை வெளியே கொண்டுவந்தது. பிறந்த குழந்தைகளை வாங்கி விற்பதை ஒரு பெண் விவரிக்கும் ஒலிப்பதிவு கைபேசிகளில் பரவியது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஏற்ப ஒரு விலை, கூடவே பிறப்புச் சான்றிதழுக்கும் ஒரு தொகை என்று அந்தக் குரல் பேசியது. முப்பது ஆண்டுகளாக இதைச் செய்வதாகவும் சொன்னது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதை எடுத்துப் பேசின. அரசு மருத்துவமனையில் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர் உதவியாளர் ஒருவர் கைதானார். கொல்லிமலை வரை பிறப்புப் பதிவேடுகள் புரட்டிப் பார்க்கப்பட்டன, வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. பல ஆண்டுகளாக மூடிக்கிடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு விஷயத்தைச் சில நாட்களில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது மக்கள் கையில் இருந்த ஊடகம்.

கருவி ஒன்றுதான், விளைவு மட்டும் நேர் எதிர். ஆகவே ‘வாட்ஸ்அப் நல்லதா கெட்டதா’, ‘டி.வி. வரமா சாபமா’ என்று பட்டிமன்றம் நடத்துவதில் பலன் இல்லை. ராசிபுரத்து ஒலிப்பதிவைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அதில் ஊர் இருந்தது, குரல் இருந்தது, சரிபார்க்கப் பதிவேடு இருந்தது. அதை வெளியிட்ட நாளிதழ்களுக்கு ஆசிரியர் இருந்தார். கோழி வதந்தியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு செய்தி நமக்கு உதவுமா, கெடுக்குமா என்பதை முடிவு செய்வது, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்கிறாரா என்பதே. எந்த நாளிதழை எடுத்தாலும், ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்கள் பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைப் போடுவது 1867-ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே கட்டாயம்; இன்றைய 2023 சட்டத்திலும் அது தொடர்கிறது. பெரும்பாலோர் படிக்காமல் கடந்துபோகும் அந்த வரிதான் வாசகரின் முதல் பாதுகாப்பு. தவறு நேர்ந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை அது சொல்லிவிடுகிறது.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. கொங்கு மண்டலம் அந்தப் பாடத்தை ஈமு கோழியிடம் கற்றது. பெருந்துறையில் தொடங்கிய சுசி ஈமு பார்ம்ஸ் நிறுவனமும், அதைப் பார்த்துச் சேலம், நாமக்கல் வரை முளைத்த பிற நிறுவனங்களும், நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் பிரபலத் திரை நட்சத்திரங்களை வைத்து விளம்பரம் செய்தன. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள், கொட்டகையும் தீவனமும் நிறுவனத்தின் செலவு, மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனஸ் என்பது பரவலாகச் சொல்லப்பட்ட திட்டம். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 92,000 ரூபாய், அதாவது போட்ட பணத்தில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். ஈமு இறைச்சியை யார் வாங்குகிறார்கள் என்ற ஒரு கேள்வியிலேயே அந்தக் கணக்கு உடைந்திருக்கும். 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. உரிமையாளர்கள் தலைமறைவாக, தீவனமின்றிக் கிடந்த பறவைகளுக்குக் கால்நடைத் துறை இரை போட வேண்டியதாயிற்று. செய்திக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் பார்க்காமல் விட்டதே இங்கே வினையாயிற்று. ‘பேப்பரில் வந்தது’ என்று நம்பியது உண்மையில் பேப்பர் சொன்னதன்று. காசு கொடுத்தவர் சொன்னது.

இன்று சட்டம் அன்றைவிடக் கூர்மையானது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்கலாம். விசாரிக்காமல் பரிந்துரைத்த நட்சத்திரத்துக்கும் அபராதம் உண்டு; விளம்பரங்களில் தோன்ற முதல் முறை ஓராண்டு வரையும் அடுத்த முறை மூன்றாண்டு வரையும் தடை போடலாம். புகாருக்கு 1915 என்ற எண் போதும். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆசை காட்டிப் பணம் திரட்டும் திட்டங்களுக்கு 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2019-இல் வந்த மத்தியச் சட்டமும் இருக்கின்றன. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் தரலாம். இணைய வழியில் பணம் பறிபோனால் 1930-க்குத் தாமதிக்காமல் அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு.

செய்தியே தவறானால் வழி வேறு. நாளிதழில் வந்த தவறுக்கு முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். திருத்தம் வராவிட்டால் செய்தி வெளியான இரண்டு மாதங்களுக்குள் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். அதற்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை. எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே முடியும். தொலைக்காட்சி என்றால் 2021 விதிகளின்படி நிறுவனம் 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். சமூக வலைத்தளங்களும் குறைதீர் அதிகாரியை வைத்து, 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, விதி குறிக்கும் நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பொதுமக்களிடையே பீதி கிளப்பும் பொய்யைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா 353-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். முடிந்தால் ஸ்கிரீன்ஷாட், தேதி, அனுப்பிய எண் மூன்றையும் பத்திரப்படுத்திய பிறகே அந்தச் செய்தியை அழிக்க வேண்டும். சான்று இல்லாத புகார் நகராது.

இவ்வளவு சிரமம் எதற்கு, அரசே பொய்ச் செய்திகளை வடிகட்டி நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானது. அவர்கள் காட்டும் வழி ஆபத்தானது. எது உண்மை என்று முடிவு செய்யும் உரிமையை ஆட்சியிடம் ஒப்படைத்தால், ஆட்சிக்குச் சங்கடமான உண்மைதான் முதலில் முடக்கப்படும். அரசு மருத்துவமனைப் பின்னணி கொண்ட ராசிபுரத்து ஒலிப்பதிவு அப்படியொரு வடிகட்டியைத் தாண்டி வந்திருக்குமா என்பது சந்தேகமே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றமும், மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்க்கும் ஏற்பாட்டை 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் ரத்து செய்ததற்குப் பின்னால் இந்த அச்சம் இருக்கிறது. முன்கூட்டியே வாயைக் கட்டுவதைவிட, பேசிய பிறகு பதில் சொல்ல வைப்பதே குடிமக்களுக்குப் பாதுகாப்பு.

‘நல்லெண்ணத்தில்தானே அனுப்பினேன், நெருப்பில்லாமல் புகையுமா’ என்பது இன்னொரு வாதம். 2020 மார்ச்சில் கேரளத்தின் கோழிக்கோடு பகுதியில் பறவைக் காய்ச்சல் வந்தது உண்மை. அந்த உண்மை கொரோனாப் பொய்க்கு முட்டுக்கொடுத்தது. முழுப் பொய்யைவிட, பாதி உண்மை ஒட்டிய பொய்யே வேகமாக ஓடும் என்பதால்தான் கவனம் வேண்டும். அனுப்பியவரின் எண்ணம் நல்லதாக இருந்தது என்பதால் பண்ணையாளரின் கடன் குறையவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்த வந்தவர் என்று எண்ணி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்ற கூட்டமும், தன் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பதாகத்தான் நினைத்தது. பலமுறை பகிரப்பட்டதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் விரலை நிறுத்திக்கொள்வது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

ஊடகம் இல்லாமல் விவசாயிக்கு மழை அறிவிப்பு இல்லை, பண்ணையாளருக்கு விலை இல்லை, மாணவருக்குத் தேர்வு முடிவு இல்லை. அதை ஒதுக்கிவிட்டு வாழ முடியாது, ஒதுக்கவும் வேண்டாம். கேட்கும் பழக்கம் வேண்டும். இதைச் சொன்னவர் யார்? இது செய்தியா, காசு கொடுத்த விளம்பரமா? பொய்யானால் யார் பதில் சொல்வார்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத எதையும் நம்பிப் பணம் கட்டக் கூடாது, பகிரவும் கூடாது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய் மூடியிருப்பதே அடுத்த மோசடிக்கு முதலீடு ஆகிறது. ஊராட்சிகளும் மகளிர் குழுக்களும் பள்ளிகளும் 1915, 1930 என்ற இரண்டு எண்களைச் சுவரில் எழுதி வைத்து, முதல் புகாரை எழுதத் துணை நின்றால், சட்டத்தில் இருக்கும் உரிமை சாமானியர் கைக்கு வந்து சேரும்.