ஒரு ஆளை உட்கார வைத்தார்கள்... ஒரு கிளப் பிறந்தது!

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந்தேதி. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம்.

ஆட்டத்தின் 60-வது நிமிடம். சிவப்பு, மஞ்சள் பனியன் போட்ட ஒரு வாலிபர் வலது பக்கமாகப் பந்தைக் கொண்டு வந்தார். எதிரே நின்றவரை ஏமாற்றி உள்ளே திரும்பினார். இடது காலால் ஒரு உதை!

பந்து வலைக்குள் போய் விழுந்தது. மைதானத்தில் பாதி எழுந்து ஆடியது. மறுபாதி தலையில் கை வைத்தது.

‘டுராண்டு’ கோப்பைப் போட்டியில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று தோற்கடித்தது. அதற்கு முன் இந்த இரண்டு குழுக்களும் மோதிய 8 ஆட்டங்களில் வரிசையாக ஈஸ்ட் பெங்காலுக்குத் தோல்வி. நாலரை வருஷம் கழித்துக் கிடைத்த வெற்றி இது.

கோல் அடித்தவர் வங்காளி அல்ல. நம்ம சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர்!

“ஒரே ஒரு கோலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று கேட்கலாம். இது ஒரு நாள் சண்டை அல்ல. 100 வருஷத்துக் கணக்கு!

கோபத்தில் பிறந்த கிளப்

மோகன் பகான் மூத்த கிளப். 1889-ல் பிறந்தது. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி ஐ.எப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யார்க்ஷயர் என்ற வெள்ளைக்காரப் பட்டாளக் குழுவை 2-1 என்று ஜெயித்தது. பதினொரு பேரில் பத்துப் பேருக்குக் காலில் பூட்ஸ் கிடையாது. வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரனை ஜெயித்தவர்கள் என்று நாடே கொண்டாடியது.

ஒன்பது வருஷம் கழிந்தது. 1920-ம் ஆண்டு ஜூலை 28-ந்தேதி, கூச்பிகார் கோப்பைக்கான ஆட்டம். மோகன் பகானை எதிர்த்து ஆட வேண்டியது ஜோராபகான் கிளப்.

ஜோராபகானில் சைலேஷ் போஸ் என்று ஒரு ஆட்டக்காரர். அவரை அன்று குழுவில் சேர்க்கவில்லை. அவர் கிழக்கு வங்காளத்துக்காரர்.

“அவரைச் சேர்த்துக் கொள்ளுங்கள்” என்று கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. சவுத்ரியும் கிழக்கு வங்காளத்துக்காரர்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு வெளியே வந்து விட்டார்.

நாலே நாள். ஆகஸ்டு 1-ந்தேதி நண்பர்களோடு சேர்ந்து புது கிளப் ஆரம்பித்தார். பெயரிலேயே பதில் இருந்தது: ஈஸ்ட் பெங்கால்!

தீப்பந்தம் வந்த கதை

கிளப் வைத்தாயிற்று. ஆட இடம் வேண்டுமே? கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இந்தியர் குழு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அப்போது ஒரு விதி. அதை எதிர்த்துப் போராடி, 1925-ல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனுக்கு வந்தது. அந்த ஆண்டு மே 28-ந்தேதி லீக்கில் முதல் தடவையாக இரண்டும் மோதின. நேபாள் சக்கரவர்த்தி ஒரு கோல் போட்டார். பெரியண்ணன் 0-1 என்று தோற்றுப் போனார்!

பிறகு ஈஸ்ட் பெங்கால் கீழே இறங்கிவிட்டது. 1930-ல் மறுபடி மேலே ஏறும் நேரம். சுதந்திரப் போராட்டத்தால் லீக் பாதியில் நின்றது. வாய்ப்பு பறிபோனது. ரசிகர்கள் கையில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள். அந்தத் தீப்பந்தம்தான் கிளப்பின் சின்னம்.

அகதிகளின் கொடி

1947-ல் தேசம் பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானுக்குப் போனது. வீடு, வாசல், நிலம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கான பேர் கல்கத்தா பக்கம் வந்தார்கள். ரெயில் நிலையத்திலும் குடிசைகளிலும் காலம் தள்ளினார்கள்.

ஊர்க்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘பங்கால்’. ஊர்க்காரர்களுக்குப் பெயர் ‘கோட்டி’. பங்கால் என்றால் ஈஸ்ட் பெங்கால். கோட்டி என்றால் மோகன் பகான். அப்படித்தான் நகரமே இரண்டாகப் பிரிந்தது.

கிழக்கு வங்காளம் முதலில் கிழக்கு பாகிஸ்தான் ஆயிற்று. 1971-ல் பங்களாதேஷ் ஆயிற்று. பழைய பெயர் தேசப் படத்தில் இல்லை. ஆனால் கிளப்பின் பெயரில் இருக்கிறது! ஊரை இழந்தவனுக்கு அந்தப் பெயர்தான் சொந்த ஊர்.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் ஹில்சா மீன் குழம்பு. மோகன் பகான் ஜெயித்தால் இவர்கள் வீட்டில் இறால். ஆட்டம் முடிந்ததும் மார்க்கெட்டில் எந்த மீன் விலை ஏறுகிறது என்று பார்த்தால் போதும். ஜெயித்தது யார் என்று தெரிந்து விடும்!

இதில் ஒரு வேடிக்கை. அகதிகள் கொண்டாடிய பெரிய வீரர்கள் தென்னாட்டுக்காரர்கள்! வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐந்து பேருக்கும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயர். 1949, 1950, 1951 என்று மூன்று வருஷம் தொடர்ந்து கேடயம் இவர்கள் காலத்தில் வந்தது.

5-0

1975-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. ஷியாம் தாபா மட்டும் 2 கோல். அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை விட்டார்.

1997-ம் ஆண்டு ஜூலை 13-ந்தேதி பெடரேஷன் கோப்பை அரை இறுதி. சால்ட் லேக் மைதானத்தில் 1 லட்சத்து 31 ஆயிரத்து 781 பேர்! பைசுங் பூட்டியா 3 கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது.

தமிழ்நாட்டோடும் ஒரு கணக்கு உண்டு. 2019-ம் ஆண்டு மார்ச் 9-ந்தேதி ‘ஐ-லீக்’ போட்டியின் கடைசி நாள். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது. அதே நேரம் கோவையில் சென்னை சிட்டி குழு 3-1 என்று ஜெயித்தது. சென்னைக்கு 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் பறிபோனது.

சென்னை சிட்டிக்கு முன்பு ஆடியவர்தான் நந்தகுமார். அவரே 2024-ம் ஆண்டு ஜனவரி 28-ந்தேதி புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் போட்டார். ஒடிசாவை ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று ஜெயித்தது. 12 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தேசியக் கோப்பை!

16 உயிர்கள்

வெற்றிக் கணக்கை மட்டும் சொன்னால் போதாது.

1980-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி. ஈடன் கார்டன் மைதானம். ஆட்டக்காரர்கள் இருவர் மோதிக் கொண்டார்கள். அது கேலரிக்குத் தாவியது. இரண்டு கட்சி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்த இடம். அடிதடி, கல்வீச்சு, நெரிசல். 16 பேர் பலி! ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீட்டுக்குப் பிணமாக வந்தார்கள். மிதிபட்டவர்களில் கோட்டி யார், பங்கால் யார் என்று யார் பார்த்தார்கள்?

அந்த நாளில் கொல்கத்தாவில் ரத்த தானம் செய்கிறார்கள். சிந்திய ரத்தத்துக்கு அது ஒரு பரிகாரம்.

ஒரே குரல்

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந்தேதி கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கற்பழித்துக் கொலை செய்யப்பட்டார். ஊரே கொதித்தது. 18-ந்தேதி நடக்க இருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தைப் பாதுகாப்பு காரணம் சொல்லி ரத்து செய்தார்கள்.

ஆட்டம் இல்லை. ஆனாலும் கூட்டம் வந்தது. பச்சை, மெரூன் பனியன்காரர்களும் சிவப்பு, மஞ்சள் பனியன்காரர்களும் மழையில் நனைந்துகொண்டு சால்ட் லேக் மைதானத்தின் வாசலில் ஒன்றாக நின்றார்கள். ஒருவர் தோளில் மற்றவர் ஏறிக்கொண்டார். இறந்து போன பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்று ஒரே குரலில் கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. அடியும் இரண்டு கட்சிக்கும் சேர்த்தே விழுந்தது.

1920-ல் ஒரு ஆளை மைதானத்துக்கு வெளியே உட்கார வைத்ததில் ஆரம்பித்த சண்டை இது. 2024-ல் அதே சண்டைக்காரர்கள், மைதானத்துக்கு வெளியே, தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள்.