பெயரில்லாப் படிவமும் அமானிதமே

1987 முதல் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வழங்கிவருகிறது சாந்திகம். இத்தகைய தொண்டு நிறுவனங்களுக்குப் படிவம் இரு வகையில் உதவும்: ஒருவரின் பராமரிப்பைத் தொடரலாம், பலரின் விபரங்களைச் சேர்த்து, சேவை எங்கு தேவை என்றறியலாம். இரண்டாவதற்குப் பெயர் வேண்டியதில்லை.

பெயரை நீக்கினால் மட்டும் போதுமா? 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம்மவரில் மீண்டு வந்து குடியேறியோர் சிலரே. "சோனகத்தெரு, 52 வயது, விதவை" என்று அறிக்கையில் வந்தாலே, "அவதானே!" எண்டு ஊர் சொல்லிப்போடும். ஆகவே வயதை 50–59 என்றும் தெருவை மாவட்டம் என்றும் விரித்து, மிகச் சிறிய எண்ணிக்கைகளை மறைத்தே வெளியிட வேண்டும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தகவலை விசேட வகையில் சேர்க்கிறது. நமக்கோ அது அமானிதம். படிவத்தை நீட்டினால், "இதை ஆர் பாப்பாங்க?" எண்டு கேளுங்கள். அது அவநம்பிக்கையல்ல, உரிமை என்பேன்.