ஃபென்டனில் வரி: மிரட்டல் சீனாவுக்கு, பில் யாருக்கு?

‘சீனா மேல 20% வரி’ன்னு 2025-ல செய்தி ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? அந்த வரியை கஸ்டம்ஸ்ல கட்டினது சீனா இல்லீங்க, சரக்கை இறக்கின அமெரிக்க இறக்குமதியாளர். 100 டாலர் பொருளுக்கு 20 டாலர். சப்ளையர்கிட்ட பேசிக் கொஞ்சம் குறைக்கலாம், கொஞ்சத்தை விலையில ஏத்தலாம், மீதி அவர் லாபத்துல அடி. கணக்கு பார்க்கிற எனக்கு முதல்ல கண்ணுல படுறது இந்த எண்ட்ரிதான்.

வரிக்குச் சொன்ன காரணம் போதைப்பொருள். ஃபென்டனில் தயாரிக்கிற ரசாயனங்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போகுது. அங்கே கும்பல்கள் தயாரிச்சு அமெரிக்காவுக்குக் கடத்துறாங்க. வருஷத்துக்குப் பல்லாயிரம் பேர் சாகிறாங்க. இதைச் சொல்லித்தான் 2025 பிப்ரவரி 1-ல ட்ரம்ப் மெக்சிகோ, கனடாவுக்கு 25%, சீனாவுக்கு 10% உத்தரவு போட்டார்.

வரி அமலாகும் முன்னாடியே, பிப்ரவரி 3-ல, மெக்சிகோ 10,000 தேசியக் காவல் படையினரை எல்லைக்கு அனுப்ப ஒத்துக்கிச்சு. கனடா ஃபென்டனிலுக்குன்னே தனி அதிகாரியைப் போடுறதா சொல்லுச்சு. ரெண்டு பேருக்கும் 30 நாள் அவகாசம். அமெரிக்காவுக்குச் செலவே இல்லாம கிடைச்சது இதுதான். ஆஃபர் லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு மேனேஜர்கிட்ட ஹைக் கேப்போமே, அந்த மாதிரி. ரிசைன் பண்ணாத வரைக்கும்தான் பேரம்.

மார்ச் 4-ல நிஜமாவே ரிசைன் பண்ணிட்டாங்க! கனடா, மெக்சிகோ வரி அமல், சீனாவுக்கு 20%. அன்னைக்கு எஸ் அண்ட் பி 500 ஒரு சதவீதத்துக்கு மேல இறங்குச்சு. அமெரிக்க இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்ஐபி போடுறவங்க பார்த்திருப்பீங்க. சீனா பதிலுக்கு அமெரிக்கக் கோழி, கோதுமை, சோளம், பருத்திக்கு 15%, சோயாவுக்கு 10% போட்டுச்சு. ரெண்டே நாள்ல, வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்துல வர்ற சரக்குக்கு ட்ரம்பே விலக்கு கொடுத்தார்.

சீனா விஷயத்துல பேரம் ஓரளவு முடிஞ்சுது. அக்டோபர் 30-ல பூசானில் ட்ரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்திச்சாங்க. சில ரசாயனங்களோட ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த சீனா சம்மதிக்க, ஃபென்டனில் வரி நவம்பர் 10-ல 10% ஆச்சு.

எனக்கு உறுத்துறது கனடா கணக்குதான். 2024 நிதியாண்டுல கனடா எல்லையில அமெரிக்கா பிடிச்ச ஃபென்டனில் சுமார் 20 கிலோ. மெக்சிகோ எல்லையில 9,500 கிலோ கிட்ட. அந்த 20 கிலோவை எத்தனை கிலோவாக் குறைச்சிருந்தா வரி போயிருக்கும்? உத்தரவுல எண்ணே இருக்கல. முடிவுத் தேதியும் நிபந்தனை அளவும் இல்லாத ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாதீங்கன்னுதான் என் கிளையன்டுகளுக்குச் சொல்வேன். ஆகஸ்ட் 1-ல, விலக்குல வராத கனடா சரக்குக்கு வரி 35% ஆச்சு.